பக்கத்து சீட் கோச்

வண்டி ஓட்டுகிறவர்கள் ஓர் இனம், ஓட்டத் தெரியாதவர்கள் இன்னோர் இனம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மூன்றாவது இனத்தோடு பயணம் செய்யும் பாக்கியம் உங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை என்று அர்த்தம். இந்த மூன்றாவது இனம் பக்கத்து சீட்டில் வாழும். அதன் காலடியில் பிரேக் கிடையாது, ஆனாலும் மிதிக்கும். வளைவு வருவதற்கு முன்பே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வளைவுக்குள் உடம்பைச் சாய்த்து, வளைவு முடிந்ததும் "பரவால்ல" என்று ஓட்டுகிறவருக்கு மதிப்பெண் போடும். யாராவது கேட்டார்களா? இல்லை. எங்கள் மலையில் மழையையும்தான் யாரும் கேட்பதில்லை.

இதில் சாதாரண வகை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். அதைப் பற்றிப் பேச எனக்கு நேரமில்லை. நான் சொல்ல வந்தது இதன் முற்றிய வகையை. பந்தயத் தடத்தில் வேகக் கார் ஓட்டப் போகிற புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வகை. கேமரன் மலையில் பந்தயத் தடம் ஏது என்பீர்கள். இல்லைதான். சனி ஞாயிறில் இங்கே வந்து பாருங்கள். ஸ்ட்ராபெரி பார்க்கவும் தேயிலைத் தோட்டத்தில் படம் பிடிக்கவும் வருகிற கார்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்று, கோஸ் ஏற்றிய லாரியின் புகையைக் குடித்துக்கொண்டு, மலையே ஒரு பெரிய கார் நிறுத்துமிடமாக மாறிக் கிடக்கும். நடந்து போகிறவர் எல்லாரையும் முந்திவிடுவார். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் வேகம் கற்றுக்கொடுக்கிறார் என்றால், அவருக்கு எவ்வளவு துணிச்சல் இருக்க வேண்டும்?

அவர் பெயர் குகனேஸ்வரன். திரிங்காப்பில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தொட்ட வயது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காது கேட்காது. "கோச்" என்று கூப்பிட்டால் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து வருவார். நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன். வேன் ஓட்டுகிறேன், பள்ளி நாளில் பிள்ளைகள், விடுமுறையில் டூரிஸ்ட். ஆகவே இந்த இனத்தின் பழக்கவழக்கங்களை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிற வசதி எனக்கு உண்டு.

அவர் கோச் ஆனது ஒரே நாளில். சில வருஷங்களுக்கு முன்பு, டயர் கம்பெனி ஒன்று தன் வாடிக்கையாளர்களைக் கோலாலம்பூருக்குத் தெற்கே இருக்கிற பந்தயத் தடத்துக்குக் கூட்டிப்போனது. கடை லாரிக்கு டயர் வாங்கிய புண்ணியத்தில் இவரும் போனார். காலையில் பாடம், மதியம் சாப்பாடு, பிறகு பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார, வேகக் காரில் சில சுற்று. போகும்போது உரக்கடைக்காரர். திரும்பும்போது ஆசான். மறுநாளே கையில் விரல் நுனி தெரிகிற தோல் உறை. அடுத்த மாதம், பின்னால் பெரிய றெக்கை வைத்த, சிவப்பு நிறப் பழைய ஜப்பான் கார். அதற்கடுத்த மாதம் பேச்சே மாறிவிட்டது. "நாங்க டிராக்ல" என்று தொடங்காத வாக்கியம் அவரிடம் கிடையாது. பல்வலி என்று சொல்லுங்களேன். "நாங்க டிராக்ல பல்லக் கடிக்கவே கூடாதும்போம்" என்பார்.

மாமாக் என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தால், தட்டில் மிச்சமிருக்கும் பருப்புக் குழம்பில் விரலை விட்டு ஒரு வளைவு வரைவார். அந்த வளைவின் உள்முனையில் ரொட்டித் துண்டு ஒன்றை வைப்பார். அதுதான் கார் தொட்டுப்போக வேண்டிய இடமாம். அதற்கு ஏப்பெக்ஸ் என்று பெயராம். எதிரே இருப்பவர் பாவம், தன் தேநீரோடு எழுந்து போகவும் முடியாமல், அந்த ரொட்டித் துண்டைத் தின்னவும் முடியாமல் உட்கார்ந்திருப்பார். "வளைவ நீ எடுக்கக் கூடாது. வளைவு ஒன்ன எடுக்கணும்" என்பார் கோச். இதற்கு என்ன பொருள் என்று கேட்டவர்கள் உண்டு. பொருள் தெரியாததுதான் அவர்களுடைய குறை என்று பதில் வாங்கியவர்களும் அவர்களே.

அவருடைய தலையாய வேதம் ஒன்று உண்டு. "கண்ணு எங்க போகுதோ, காரு அங்க போகும்." இது உண்மையான பாடம்தான், அந்த ஒரு நாளில் கேட்டு வந்தது. ஆனால் உண்மையான பாடம் இந்த இனத்தின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போன வருஷம் அவருக்குச் சீடர்கள் கிடைத்தார்கள். அதே பந்தயத் தடத்தில் புதியவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடக்கப்போகிறது, காரும் அவர்களே கொடுப்பார்கள், லைசென்ஸ் இருந்தால் யாரும் சேரலாம் என்று செய்தி வந்தது. கம்போங் ராஜாவில் பூத்தோட்டம் வைத்திருக்கிற விமலன் என்ற இளைஞர் முதலில் பெயர் கொடுத்தார். அவருடைய நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்தார்கள். கோச்சுக்கு விஷயம் எட்டியது. பயிற்சிக்குப் போவதற்கு ஒரு பயிற்சி வேண்டாமா? அடிப்படை தெரியாமல் அங்கே போய் மலைக்காரர்களின் மானத்தை வாங்குவதா? நான்கு பேரையும் பிடித்துவிட்டார்.

இடத்துக்கு அவர் மனைவி ரஞ்சிதம் வழி செய்தார். ரஞ்சிதம் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. தோட்டத்தில் மூடிக் கிடக்கும் பழைய கொழுந்துக் கொட்டகை ஒன்று உண்டு. அதன் முன்னால் அகலமான சிமெண்ட் வாசல். ரஞ்சிதம் உதவி மேலாளரான சின்ன துரையிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பயன்படுத்த அனுமதி வாங்கிக் கொடுத்தார். கோச் அங்கே காலிக் கோஸ் கூடைகளை வளைத்து வளைத்து அடுக்கினார். பிறகு ஒவ்வொரு காராக ஏறி, இடது பக்கம் உட்கார்ந்து, வாயைத் திறந்தார்.

நான் ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்தேன். காருக்குள்ளிருந்து இடைவிடாமல் ஒரு சத்தம். "இப்ப... இப்ப... இப்ப விடு... ஏன் விட்ட? புடி... இவ்வளவு புடிக்காத..." விமலன் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து சாமந்திப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறவர். மூன்றாவது வாரம், சமதரையில், கூடை எதுவும் இல்லாத இடத்தில், அவருக்கு எஞ்சின் அணைந்துபோயிற்று. மறுபடி கிளப்பினார். மறுபடி அணைந்தது. இறங்கி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கோச்சின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நல்ல அறிகுறி என்றார். பழைய பழக்கமெல்லாம் செத்துக்கொண்டிருக்கிறதாம். செத்தது எது என்று விமலனுக்குத்தான் தெரியும்.

இனி ரஞ்சிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரஞ்சிதம் லைசென்ஸ் வைத்திருப்பவர். கல்யாணத்துக்கு முன்பு தன் அப்பாவின் பழைய காரில் ரிங்லெட்டிலிருந்து வேலைக்குப் போய்வந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு பக்கத்து சீட்டில் ஆள் வந்தார். டிராக் பார்க்காத காலத்திலேயே அந்த ஆளுக்கு வாய் இருந்தது. ஒருநாள் அணைக்கட்டு ஏரியோரத்துச் சாலையில், "பிரேக் போடு" என்றதற்கும் "இப்ப போடாத" என்றதற்கும் நடுவில், எதைச் செய்வது என்று தெரியாமல் ரஞ்சிதம் வளைவில் காரை நிறுத்திவிட்டார். எதிரே வந்த டூரிஸ்ட் பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து, பஸ்ஸிலிருந்த எல்லாரும் கேட்கும்படி மலாயில் திட்டினார். ரஞ்சிதம் இறங்கி, சுற்றி வந்து, இடது சீட்டில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வலது சீட்டுக்குத் திரும்பவில்லை.

இதைக் குகனேஸ்வரன் என்ன செய்தார் தெரியுமா? கதையாக்கினார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். "ரஞ்சிதம் கார் எடுத்தா பஸ் டிரைவரே எறங்கி வந்து மரியாத பண்ணுவான்." ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பார். ரஞ்சிதம் தேநீர்த் தட்டோடு அங்கேயே நின்றிருப்பார். கோப்பைகளை வைப்பார். உள்ளே போவார். நானும் அந்தக் கதையை நிறைய தடவை கேட்டிருக்கிறேன். கடைசி கடைசியாக எனக்குத் தேநீர்தான் கசந்தது.

பயிற்சி நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரிங்லெட்டில் இருக்கிற ரஞ்சிதத்தின் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. பக்கத்து வீட்டார் போன் செய்தார்கள். ரஞ்சிதம் கணவரைக் கூப்பிட்டார். பயிற்சி நேரத்தில் போன் கூடாது என்பது கோச்சின் விதி; போன் எங்கோ ஒரு பைக்குள் அடித்துக்கொண்டே கிடந்தது. வீட்டில் சின்னக் கார் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. ரஞ்சிதம் சாவியை எடுத்து, காரில் உட்கார்ந்து, கிளப்பி, வாசல் வரை கொண்டுவந்தார். அங்கே நின்றுவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"ரோட்டுக்குத் திருப்பணும்னு தெரியுது அண்ணே. எப்பத் திருப்பறதுன்னு அவரு சொல்லாம கை அசைய மாட்டேங்குது."

நான் என் வேனில் கூட்டிப்போனேன். ரிங்லெட்டுக்கு இறங்கி, அம்மாவை ஏற்றி, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு மறுபடி ஏறினோம். அம்மா பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் கோச் வந்து சேர்ந்தார். மாமியாரை எட்டிப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாக ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஏரிக்கு மேல் இருக்கிற ஏற்றத்தில் எந்த கியரில் வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ரஞ்சிதம் என் வேனில்தான் வந்தார். பாதி வழியில், அந்தப் பந்தயத் தடத்துப் பயிற்சியில் பெண்கள் சேரலாமா என்று கேட்டார். லைசென்ஸ் இருந்தால் யாரும் சேரலாமாம் என்றேன். கணவரிடம் சொல்ல வேண்டாம் என்றார். நான் சொல்லவில்லை. சொன்னால் கோச் ரஞ்சிதத்துக்கும் கொட்டகை வாசலில் ஒரு வரிசைக் கூடை அடுக்கிவிடுவார் அல்லவா?

பயிற்சி நாள் வந்தது. விமலனும் நண்பர்களும் என் வேனில். கோச் தன் சிவப்புக் காரில்; வழியில் சாப்பிட இட்லி கட்டிக்கொண்டு ரஞ்சிதம் பக்கத்தில். கோச் உடம்பு முழுக்க ஜிப் வைத்த சிவப்புப் பந்தய உடை அணிந்திருந்தார். தடத்துக்குப் போய் இறங்கியதும், பணியாளர் ஒருவர் அவரைப் பயிற்சியாளர் என்று நினைத்து வணக்கம் சொன்னார். அந்த வணக்கத்தை அவர் மறுக்கவில்லை. பிறகுதான் சிக்கல். சீடர்களின் பக்கத்தில் தான் உட்கார வேண்டும் என்றார். எங்கள் ஆட்கள்தான் உட்காருவார்கள் என்றார்கள். தன் முறை வேறு என்றார். இன்ஷூரன்ஸ் காப்புறுதி ஒன்றுதான், அது எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் என்றார்கள். தன்னுடைய கையுறையைக் காட்டினார். அவர்கள் நாற்காலியைக் காட்டினார்கள்.

அவரா உட்காருவார்? பார்வையாளர் மேட்டின் கம்பி வேலியோரம், ஒரு பெரிய வளைவுக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டார்.

முதலில் விமலன். பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார, கார் சுற்றிவந்தது. முதல் சுற்று மெதுவாக, இரண்டாவது கொஞ்சம் வேகமாக. மூன்றாவது சுற்றில் அந்த வளைவுக்கு வந்தபோது, வேலிக்குப் பின்னால் சிவப்பு உடையில் ஓர் உருவம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக் குதித்துக்கொண்டிருப்பதை விமலன் பார்த்தார். வாரக்கணக்கில் பழக்கப்பட்ட மனுஷன், என்ன செய்வார்? திரும்பிப் பார்த்தார். கண் எங்கே போகிறதோ, கார் அங்கே போகும். போயிற்று. தடத்தை விட்டு இறங்கி, புல்லைத் தாண்டி, கற்களைக் கொட்டி வைத்திருந்த பள்ளத்தில் புழுதி பறக்க நேராகக் கோச்சை நோக்கி வந்து, பாதியில் புதைந்து நின்றது. யாருக்கும் அடி இல்லை. தன் வேதம் நூற்றுக்கு நூறு உண்மை என்று இவ்வளவு அருகிலிருந்து பார்க்கிற வாய்ப்பு எத்தனை ஆசான்களுக்குக் கிடைக்கும்?

சிவப்புக் கொடி காட்டி எல்லாக் கார்களையும் நிறுத்தினார்கள். இரண்டு பேர் வந்து கோச்சை வேலியோரத்திலிருந்து கேன்டீனுக்கு அழைத்துப்போனார்கள். மரியாதையாகத்தான்; ஆளுக்கொரு பக்கம் நின்று. சீடன் கவனிக்கத் தவறிவிட்டான் என்று அவர் வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தார். அந்த நேரத்தில்தான் ஒலிபெருக்கியில் தலைக்கவசம் வாங்கிக்கொள்ள அடுத்தவரை அழைத்தார்கள். ரஞ்சிதம் குகனேஸ்வரன்.

இட்லிப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு ரஞ்சிதம் எழுந்தார்.

"நீ எங்க போற?" என்றார் கோச்.

"ஓட்டப் போறேங்க."

"வெளையாடாத. ஒனக்குத்தான் ரோட்டக் கண்டாலே பயமாச்சே."

ரஞ்சிதம் குரலை உயர்த்தவில்லை. "எனக்கு ரோட்டு மேல பயம் இல்லீங்க. பக்கத்துல ஒக்காந்திருக்கிற ஆளு மேலதான்."

கேன்டீனில் இருந்தவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் தங்கள் தட்டைப் பார்த்தார்கள்.

ரஞ்சிதத்துக்கு வாய்த்த பயிற்சியாளர் அஸார் என்ற மலாய்க்காரர். வாயில் மிட்டாயோ எதுவோ அதக்கிக்கொண்டு, தூக்கம் கலையாத முகத்தோடு வந்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கார் புறப்பட்ட விதத்தைப் பார்த்தபோது இன்னும் குறைந்தது. முதல் சுற்றில் மற்ற எல்லாக் கார்களும் ரஞ்சிதத்தை முந்தின. இரண்டாவதிலும் முந்தின. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு எந்தச் சுற்றில் என்று தெரியவில்லை, சத்தம் மாறியது. கார் வளைவுக்குள் தயங்காமல் நுழைந்து, தயங்காமல் வெளியே வந்தது. நேர்ச் சாலையில் ஒரு வெள்ளைக் காரை ரஞ்சிதம் முந்தினார். ஒன்றே ஒன்று. நான் இட்லிப் பாத்திரத்தைத் தட்டினேன்.

நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி அவர் அன்று எல்லாரையும் தோற்கடிக்கவில்லை. புதியவர்களில் நடுவாந்திரம். விமலன்கூட, வேலியோரம் காலியான பிறகு, அவரைவிட நன்றாக ஓட்டினார். ஆனால் காரை விட்டு இறங்கி, கவசத்தைக் கழற்றி, வியர்வையில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிக்கொண்டு நடந்து வந்த முகத்தை நான் அதற்கு முன்பு பக்கத்து வீட்டில் பார்த்ததில்லை.

அஸார் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல அண்ணே. தூரமாப் பாருன்னு மட்டும் சொன்னாரு. ஒரு வளைவுல தப்பாத் திருப்பிட்டேன், பேசாம இருந்தாரு. அடுத்த ரவுண்டும் தப்பு. அப்பவும் பேசல. மூணாவது ரவுண்டு நானே சரி பண்ணிட்டேன். அப்பத்தான் 'பாகுஸ்'னாரு." இட்லிப் பாத்திரத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "என்னயத் தப்புப் பண்ண விட்டாரு அண்ணே."

நல்லது என்பதற்கு மலாயில் ஒரே ஒரு சொல். அதைச் சொல்வதற்குள் நம் கோச் என்னவெல்லாம் சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். வேண்டாம், தலை சுற்றும்.

திரும்பும் நேரம். கோச் பந்தய உடையில் பை இல்லாததால் சாவியைக் காலையிலேயே மனைவியிடம் கொடுத்திருந்தார். இப்போது கையை நீட்டினார். ரஞ்சிதம் வலது கதவைத் திறந்து உட்கார்ந்தார். அங்கே சீடர்கள் நின்றார்கள், நான் நின்றேன், அஸாரும் எங்கோ பார்ப்பதுபோல நின்றார். கோச் சிரித்து வைத்தார். நெடுஞ்சாலை முடிகிற வரைக்கும் ஓட்டட்டும், நேர் ரோடுதானே என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு இடது பக்கம் ஏறினார். அவருக்கே உரிய சிம்மாசனம் அல்லவா? ஆனால் நெடுஞ்சாலை முழுக்க அவர் பேசவில்லையாம். கோபம். இதை ரஞ்சிதம் பிறகு சொன்னார். அவ்வளவு நிம்மதியான பயணம் கல்யாணமானதிலிருந்து போனதில்லையாம்.

தாப்பாவில் மலை தொடங்கியது. முதல் வளைவில் கோச் "ம்" என்றார். இரண்டாவதில் கால் மிதித்தது. மூன்றாவதில், வாய் தாங்கவில்லை, "இப்ப" என்றார். ரஞ்சிதம் சாலையைப் பார்த்தபடியே, இன்னொரு தடவை பேசினால் இறக்கிவிடுவேன் என்று சொன்னார். நாலைந்து வளைவு வரை பொறுத்தார் மனுஷன். பெத்தாய்க் காய்க் கொத்துகள் தொங்குகிற சாலையோரக் கடை ஒன்று வருகிற இடத்தில், "இப்ப விடு... ஏன் விட்ட?" என்றார்.

ரஞ்சிதம் காரை ஓரம் கட்டினார். "எறங்குங்க" என்றார்.

ஓட்டுகிற பொறுப்பைத் தன்னிடம் ஒப்படைக்கிறாள் என்று நினைத்து, கோச் சந்தோஷமாகவே இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் காரை முன்பக்கமாகச் சுற்றக் கூடாது, பின்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும் என்பது அவர் சீடர்களுக்குச் சொல்லும் பாடம். ஆகவே பின்பக்கமாகச் சுற்றினார். அவர் றெக்கைக்கு நேராக வந்தபோது றெக்கை கிளம்பிப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து நாங்கள் வேனில் வந்தபோது, பெத்தாய்க் கடையின் தகரத்தடியில், மூடுபனி இறங்குகிற நேரத்தில், உடம்பு முழுக்க ஜிப் வைத்த ஓர் உருவம் நின்றுகொண்டிருந்தது. ஏற்றிக்கொண்டேன். எஞ்சின் சூடாகிவிட்டதால் பாரத்தைக் குறைக்க இறங்கிக்கொண்டேன் என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாகக் கிடந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கணம் எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. எத்தனையோ வருஷம் ஒரு பெண்ணின் காதுக்குள் குடியிருந்தவர், இன்று தெருவில் நிற்கிறார். நினைத்துப் பார்க்கிறாரோ என்னவோ என்று மெல்லத் திரும்பிப் பார்த்தேன்.

"மூணாவது கியர்ல ஏத்தாத" என்றார்.

பின்சீட்டிலிருந்து விமலன் சொன்னார். "கோச், கேன்டீன்ல அக்கா சொன்னது எங்களுக்கும் சேத்துதான் லா."

வேன் முழுக்கச் சிரிப்பு. ரிங்லெட்டில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். திரும்பி வந்தபோது கோச்சைக் காணவில்லை. எதிர்ப்பக்கம் காலிக் கூடைகளோடு மலை ஏறப் புறப்பட்ட கோஸ் லாரி ஒன்றின் முன்சீட்டில் இருந்தார். டிரைவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் வானொலியைச் சத்தமாக வைத்ததை நாங்கள் இங்கிருந்தே கேட்டோம்.

இதோடு திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் ஒன்றுமே புரியவில்லை. மறுநாள் காலை மாமாக் கடையில் அவரைச் சுற்றிக் கூட்டம். தன் மனைவியின் பயத்தைப் போக்கத் தான் பல வருஷமாகத் திட்டமிட்டு வந்ததாகவும், தடத்தில் முதல் கட்டம், மலைச் சாலையில் இறுதிக் கட்டம் என்றும், இறுதிக் கட்டத்தில் கோச் தானாகவே காரை விட்டு இறங்கிவிட வேண்டும் என்றும் விளக்கிக்கொண்டிருந்தார். "எறங்கத் தெரியணும் லா. அதுதான் பெரிய கோச்சு" என்றார். புதிதாக ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பையன், பயிற்சி எப்போது தொடங்கும் என்று கேட்டார். தோல்வி என்பது மற்றவர்களுக்கு வருகிற நோய். இந்த இனத்துக்கு அதன் கிருமி ஒட்டாது.

ரஞ்சிதம் அந்தக் கதையைக் கேட்டார். மறுத்துப் பேசவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது. இப்போதெல்லாம் தினமும் காலையில் சின்னக் காரை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீஸுக்குத் தானே போகிறார். வாரக் கடைசியில் ரிங்லெட்டுக்கு இறங்கி, அம்மாவை ஏற்றிக்கொண்டு வருகிறார். வளைவுகளில் மெதுவாகத்தான் போகிறார். பின்னால் ஹார்ன் அடிக்கிறவர்களுக்கு ஓரம் விட்டு வழிகொடுக்கிறார். ஒருநாள் அவர் அம்மா இடது சீட்டில் உட்கார்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். ஓட்டுநருக்கு அதைவிடப் பெரிய விருது உண்டா?

ஒரே ஒரு தொந்தரவு மட்டும் பாக்கி. காலையில் அவர் காரைப் பின்பக்கமாக வாசலை விட்டு எடுக்கும்போது, கோச் பல்குச்சியோடு வெளியே வந்து, காருக்குப் பின்னால் நின்று, கையை உயர்த்தி, "வா, வா, வா, ஒடி, ஒடி" என்று ஆட்டுவார். ரஞ்சிதம் திட்டுவதில்லை. எஞ்சினை அணைத்துவிடுவார். மடியில் கையை வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி காத்திருப்பார். கோச் கையைக் கீழே போட்டு, திரும்பி, வீட்டுக்குள் போய், கதவைச் சாத்துகிற வரைக்கும். பிறகு கிளப்பிக்கொண்டு போவார். சில நாள் ஆபீஸுக்குத் தாமதம்கூட ஆகிறதாம். பரவாயில்லை என்கிறார்.

கோச்சைப் பார்த்து நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். சந்தோஷம். எனக்குத் தெரிந்து இதைப் படிப்பவர்கள் எல்லாரும் அடக்கமானவர்கள், கேட்டால் மட்டும் சொல்கிறவர்கள். சும்மா ஒன்றே ஒன்று கேட்டுவைக்கிறேன். போன வாரம் சந்தையிலோ கோயில் வாசலிலோ, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தன் பாட்டுக்குக் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தீர்கள். அப்போது உங்கள் வலது கை எங்கே இருந்தது?